படலை திறப்பு, ஒழுங்கை அடைப்பு

அகதிகள் பற்றிய 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையைத் தாம் கைவிடவில்லை என்று ஐரோப்பிய அரசாங்கங்கள் கூறி வருகின்றன. எழுத்தளவில் அது உண்மையே. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு எவரையும் திருப்பியனுப்பலாகாது என்னும் 33 ஆம் உறுப்புரை அப்படியே இருக்கின்றது. ஆனால், அந்நாட்டு வாசலுக்கு வந்து அபயம் கேட்பவருக்கே அது பயன்படுகின்றது. அவரை வாசலுக்கு வரவிடாமற் செய்துவிட்டால், உடன்படிக்கையை மீறவேண்டிய தேவையே எழாதல்லவா? இந்த உபாயத்தையே அவை நாற்பது ஆண்டுகளாகக் கையாண்டு வருகின்றன.

அதன் வரலாற்றில் எமது மக்களுக்கும் இடமுண்டு. 1983 ஆடிப் படுகொலையின் பின் இலண்டனை நாடிய தமிழரின் தொகை பெருகவே, 1985 இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கிற்று. பொதுநலவாய நாடொன்றின் மீது அத்தகைய கட்டுப்பாடு விதிக்கப்பட்டது அதுவே முதற்றடவை. 1987 பெப்ருவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய தமிழரைத் திருப்பியனுப்ப முயன்றபோது, அவர்கள் ஆடை களைந்து எதிர்ப்புக் காட்டினர். நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கிற்று. அரசாங்கம் கண்ட மறுமொழி யாது? தக்க பத்திரமில்லாத ஒவ்வொரு பயணிக்கும், அவரை ஏற்றிவந்த கம்பனி 1,000 பவுண் தண்டம் இறுக்க வேண்டுமென்று அவ்வாண்டிலேயே ஒரு சட்டம்! ஐரோப்பிய ஒன்றியமும் 2001 இல் இத்தகைய தண்டத்தைத் தன் அங்கத்துவ நாடுகளுக்குப் பொதுவாக்கிற்று.

இதன் விளைவை ஊன்றி நோக்குதல் வேண்டும். அபயம் கேட்பதற்கென்று உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடிய விசா இல்லை. விசா இன்றி விமானம் ஏறவும் முடியாது. ஆகவே, யாரை வாசலுக்கு விடுவது என்னும் தீர்ப்பு விமானக் கம்பனி எழுதுவினைஞரின் கைக்குச் சென்றுவிட்டது. அவர் சாட்சியம் கேட்பதில்லை, காரணம் எழுதுவதில்லை, அவர் தீர்ப்புக்கு மேன்முறையீடும் இல்லை. எஞ்சுவது கள்ளவழி ஒன்றே. வயலை ஈடுவைத்து முகவருக்குப் பணங் கட்டிய கமக்காரருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

"நேர்வழியில் வாருங்கள்" என்று புத்தி சொல்வோர் ஒரு வழக்கைக் கவனிக்க வேண்டும். 2016 ஒக்டோபரில் சிரியாவின் அலெப்போ நகரத்துக் குடும்பமொன்று, தாய் தந்தையரும் மூன்று பிள்ளைகளும், பெய்ரூத்திலுள்ள பெல்ஜியத் தூதரகத்தில் விசா கோரிற்று. பெல்ஜியம் சென்று அபயம் கேட்பதே தமது நோக்கமென்று ஒளிக்காமற் கூறிற்று. இதனினும் நேர்வழி யாது? பெல்ஜியம் மறுத்தது. அத்தகைய விசா வழங்கும் கடமையை ஒன்றியச் சட்டம் எந்த அரசின் மீதும் சுமத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 மார்ச் 7 இல் தீர்ப்பளித்தது.

மீள்குடியேற்றத் திட்டங்கள் உண்டே என்பர். பிரித்தானியா 2021 வரையில் இருபதினாயிரம் சிரிய அகதிகளை அவ்வாறு அழைத்ததைப் பாராட்டுகின்றோம். ஆயினும் அங்கே தெரிவு செய்வது அரசாங்கம். 2024 இல் ஒன்றியம் இயற்றிய மீள்குடியேற்றச் சட்டமோ, அனுமதி கோரும் உரிமை இதனால் எவருக்கும் உண்டாகாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றது.

இடமில்லை என்னும் வாதத்துக்கு உக்ரேன் விடை தந்துவிட்டது. உக்ரேனியர் 2017 முதல் விசா இன்றி ஒன்றிய நாடுகளுக்குச் செல்லக்கூடியவராயிருந்தனர். போர் மூண்டதும் அவர்கள் வாசலுக்கு வந்தனர். 2001 முதல் உறங்கிக் கிடந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் உயிர்பெற்றது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதுகாப்புப் பெற்றனர். (பிரித்தானியா அவர்களிடமும் விசா கேட்டது. பழக்கம் விடவில்லை போலும்!)

தூதரகத்தில் அபய விண்ணப்பம் ஏற்பது நடவாத காரியமன்று. சுவிற்சலாந்து 2012 செப்டெம்பர் வரை அதைச் செய்தது, கொழும்பிலும் செய்தது. மனிதாபிமான விசாவுக்கு ஒரு சட்டம் கொண்டுவருமாறு ஐரோப்பிய பாராளுமன்றம் 2018 டிசெம்பரில் கேட்டது. 2024 மே மாதத்துச் சட்டத்தொகுதியில் அதற்கு இடமளிக்கப்படவில்லை. ஐரோப்பாவில் வாக்குரிமை பெற்றிருக்கும் எம்மவர், அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் முதலில் இச்சட்டத்தைப் பற்றியே கேட்பாராக.