நாய்க்கு டிக்கெட் கடைசி... ஊசிதான் முதல்! 4 மாதம் முன்பே தயாரானால்தான் விமானம்

சென்னை:

வெளிநாட்டில் வேலை கிடைச்சாச்சு. விசா வந்தாச்சு. சாமான் எல்லாம் பார்சல் ஆயாச்சு. சரி, நாயை என்ன செய்வது? பல வீடுகளில் இந்தக் கேள்வி கடைசி வாரத்தில்தான் எழுகிறது. அப்போது கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் நாய் விமானம் ஏற முடியாது.

ஏன் இந்தக் கெடுபிடி?

எல்லாம் ரேபீஸ் எனும் வெறிநோய் பயம்தான். உலகில் இந்த நோயால் சாகிறவர்களில் 3-ல் ஒருவருக்கு மேல் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதனால் இந்திய நாய் என்றாலே பல நாடுகள் தள்ளி நிறுத்தித்தான் பார்க்கின்றன.

ஐரோப்பிய யூனியன் நாடுகள், இங்கிலாந்து கணக்கைப் பாருங்கள். முதலில் அரிசி அளவு மைக்ரோசிப்பை நாயின் தோலுக்கு அடியில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் வெறிநோய் தடுப்பூசி. ஊசியை முதலில் போட்டு சிப்பை பிறகு வைத்தால் அந்த ஊசி செல்லாது. மறுபடியும் முதலில் இருந்து வரணும்!

ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்ப வேண்டும். ரிசல்ட் நன்றாக வந்தாலும், ரத்தம் எடுத்த நாளில் இருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டினால் 4 மாதம். ஜூனில் பயணம் என்றால் ஜனவரியிலேயே ஊசி போட்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவும் 2024 ஆகஸ்டு முதல் பிடியை இறுக்கிவிட்டது. 6 மாதம் நிறையாத குட்டிக்கு அனுமதியே இல்லை. எங்கு போனாலும், புறப்படும் முன் மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். சென்னையிலும் இந்த அலுவலகம் உண்டு.

கூண்டில் கவனம்

உள்நாட்டுப் பயணத்துக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. தடுப்பூசி அட்டை, டாக்டர் சான்றிதழ் வேண்டும். ஆனால் எல்லா விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். ஏர் இந்தியா ஏற்றுகிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் இருந்து ஏற்றுகிறது. சின்ன நாய் என்றால் பயணிகளோடு வரலாம். எடை வரம்பு நாய்க்கு மட்டும் அல்ல, கூண்டையும் சேர்த்துத்தான்.

பெரிய நாய் விமானத்தின் அடிப்பகுதிக்குத்தான் போகும். 'அங்கே காத்து இருக்காதே' என்று பலர் பயப்படுகிறார்கள். விலங்குகளை வைக்கும் அறையிலும் பயணிகள் பகுதி போலவே காற்றழுத்தம் உண்டு. ஆபத்து ஓடுதள வெயிலில்தான். அதிலும் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு திணறும். பல நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதே இல்லை. தூக்க மாத்திரை கொடுத்து அனுப்புவதும் தப்பு. மூச்சும் ரத்த அழுத்தமும் குறைந்து உயிருக்கே ஆபத்து.

2018 மார்ச்சில் அமெரிக்காவில் யுனைடெட் விமானத்தில், பெட்டி வைக்கும் மேல் அலமாரியில் அடைக்கப்பட்ட சப்பை மூக்கு நாய்க்குட்டி ஒன்று இறந்தே போனது.

தெருவில் விட்டால்?

கடைசி நேரத்தில் வழி தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? வாட்ச்மேன் தலையில் கட்டுகிறார்கள். வேலை செய்யும் அம்மாவிடம் 'பாத்துக்கோங்க' என்று விட்டுப் போகிறார்கள். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி வாழுறவங்க நாய்க்கு ஊசி போட எங்கே போவாங்க? அதுவும் இல்லை என்றால் தெருதான்.

வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 50 ரூபாய்தான் உச்சம். ஓட்டலில் ஒரு தோசை விலை! இப்படி இருந்தால் யாருக்குப் பயம் வரும்? ஊசி போடாத நாய் தெருவில் கூடக் கூட, கடி வாங்குவது தெருவில் விளையாடும் பிள்ளைகள்தான்.

சட்டம் எப்போது மாறுமோ, தெரியாது. நாய் வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றே. பாஸ்போர்ட்டுக்கு மனு போடும் நாளிலேயே நாய்க்கும் சிப்பு வைத்து ஊசி போட்டுவிடுங்கள். விசா தள்ளிப் போனாலும் ஊசி வீண் போகாது.