கட்டியே இல்லாத புற்றுநோய்! ரத்தக்குழாய்க்குள் ஒளியும் லிம்போமாவுக்கு கீமோதெரபி கைகொடுக்குமா?

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், எடை குறைவு. சிலருக்குப் பேச்சு குழறும், ஞாபகம் தடுமாறும். ஸ்கேன் எடுத்தால் கட்டி எதுவும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் எல்.டி.ஹெச். அளவு மட்டும் எகிறி நிற்கும். இப்படி வருபவர்களில் வெகு சிலருக்கு இருப்பதுதான் ‘இன்ட்ராவாஸ்குலர் லார்ஜ் பி-செல் லிம்போமா’.

இது என்ன நோய்?

நிணநீர்ப் புற்றுநோய் என்றாலே கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இதில் புற்றணுக்கள் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள்ளேயே தங்கிப் பெருகுகின்றன. குழாய் அடைபடுவதால் மூளை, தோல், நுரையீரல் என எந்த உறுப்பும் பாதிக்கப்படலாம். 1959-ல் முதன்முதலில் விவரிக்கப்பட்டபோது, ரத்தக்குழாயின் உட்சுவரில் வரும் கோளாறு என்றே கருதினார்கள். இவை லிம்போமா செல்கள்தான் என்பது 1980-களில் தெளிவானது. அதன் பிறகு சிகிச்சையும் லிம்போமாவின் வழியில் திரும்பியது.

என்ன சிகிச்சை?

‘ஆர்-சாப்’ எனப்படும் ஐந்து மருந்துக் கூட்டு: ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின், பிரெட்னிசோலோன். வழக்கமாக 21 நாள்களுக்கு ஒரு சுற்று. இந்த மருந்துகள் மூளைக்குள் போதிய அளவு போய்ச் சேராது. நோயோ மூளையைத்தான் அடிக்கடி குறிவைக்கும். அதனால் அதிக அளவு மெத்தோட்ரெக்சேட்டும், தண்டுவட நீருக்குள் நேரடியாகச் செலுத்தும் மருந்தும் சேர்க்கப்படுகின்றன.

ஜப்பானில் 38 நோயாளிகளுக்கு இப்படிச் சிகிச்சை தரப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து உயிருடன் இருந்தவர்கள் 92 சதவீதம் என்று 2020-ல் வெளியான முடிவு சொல்கிறது. ஆனால், தொடக்கத்திலேயே மூளை பாதிப்பு வெளிப்படையாகத் தெரிந்தவர்கள் இந்த ஆய்வில் இல்லை.

அப்போ சிக்கல் எங்கே?

கண்டுபிடிப்பதில்தான். பலருக்கு இந்த நோய் இருந்ததே இறந்த பிறகு, உடற்கூறாய்வில்தான் தெரியவந்திருக்கிறது. இத்தனைக்கும் வழி ரொம்பப் பெரியதல்ல. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் தோலில் சில இடங்களில் ஆழமாகச் சிறு துண்டுகள் எடுத்துப் பயாப்சி செய்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடும். அதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து, பயாப்சி ஏமாற்றிவிடக்கூடும்.

காய்ச்சலுக்குக் காரணம் தெரியவில்லை, எல்.டி.ஹெச். மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால், ‘தோல் பயாப்சி பார்க்கலாமா டாக்டர்?’ என்று குடும்பத்தினர் தயங்காமல் கேட்கலாம். மருத்துவர்களும் அந்தச் சந்தேகத்தைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளக் கூடாது. மருந்து கையில் இருக்கும்போது, நோயின் பெயர் தெரியாமலே ஓர் உயிர் போகக் கூடாது.