படமே கலராச்சு!

"அந்தப் பொண்ணு வந்தப்புறந்தாண்டா படமே கலராச்சு" என்பார், டெண்டுக் கொட்டாயில் 'நாடோடி மன்னன்' பார்த்த எங்க ஆயா. பொய்யில்லை. 1958-இல் வந்த அந்தப் படத்தின் முன்பகுதி கறுப்பு வெள்ளை. சரோஜாதேவி வரும் பின்பகுதி கேவா கலர். டி.வி.யில் பாட்டுத் துண்டாகவே பார்த்துப் பழகிய நமக்கு அந்த அதிர்ச்சி ஏது?

'கர்ணன்' 2012-இலும் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-இலும் புதுப்பிக்கப்பட்டுத் தியேட்டருக்கு வந்தன. எல்லாம் ஹீரோ கணக்கு! நடிகையின் ஆரம்பப் படங்களுக்கு யார் காசு போடுவார்? 2025 ஜூலையில் அவர் மறைந்தபோதும் நான் பார்த்தது அதே பாட்டுகள்தான். கேட்பாரில்லாத பிலிம் டப்பாவுக்குள்ளேயே வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப் போகும். நாலு பேர் கேட்டால்தானே பிரிண்டைத் தேடுவார்கள்?

அவருடைய முதல் படம் 1955-இல் வந்த 'மகாகவி காளிதாசா', கன்னடம். ஒகேனக்கல்லில் ஆற்றுக்கு அக்கரை கர்நாடகம். ஊர்ப் பெயரே புகையும் கல் என்று பொருள்படும் கன்னடச் சொல்தான். தண்ணீருக்கு மல்லுக்கட்டும் இரண்டு கரைக்கும் சொந்தக்காரர் சரோஜாதேவி. ஆடிப் பதினெட்டு அன்று அங்கே திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டால் என்ன? கன்னடம் யாருக்குப் புரியும் என்கிறீர்களா? பரிசல்காரர்களுக்கு நன்றாகவே புரியும். நமக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொல்ல வேண்டும்.