சுவரிலிருந்து இறங்கிய சித்திரம்

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கப் புறப்பட்டபோது, நம் பத்திரிகைகளின் வழக்கப்படி, வருமான வரி விகிதத்துக்கு முன்னரே அவர் உடுத்தியிருந்த மதுபனிப் பாணி மீன் சித்திரப் புடவை செய்தியாகிவிட்டது. அதைப் பரிசளித்தவர் பீகாரில் மதுபனி நகரத்தை அடுத்த ராண்டி கிராமத்துத் துலாரி தேவி என்றும், 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் என்றும் எழுதிய பத்திரிகைகள், மல்லா என்னும் மீனவ ஜாதியில் பிறந்த அந்த அம்மையார் நெடுங்காலம் பிறர் வீட்டில் பெருக்கித் துடைத்து ஜீவனம் செய்தவர் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டன. அந்த ஒரு வரிக்குள் ஒரு சரித்திரமே அடங்கிக் கிடப்பதால், அதைச் சற்று நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மதுபனி, ஜனகனின் நாடாக நாம் இராமாயணத்தில் படித்த அதே மிதிலைப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே பிராமண, காயஸ்த இல்லங்களில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், மணமக்கள் முதல் சில இரவுகளைக் கழிக்க வேண்டிய ‘கோஹ்பர்’ என்னும் அறையின் சுவரில் வீட்டுப் பெண்கள் சித்திரம் எழுத வேண்டும் என்பது தொன்றுதொட்டு வந்த சம்பிரதாயம். வட்டவட்டமான தாமரை இலைகளை ஊடுருவி நிமிர்ந்து நிற்கும் தண்டு, அதன் பக்கத்தில் மூங்கில், சுற்றிலும் மீன், ஆமை, கிளி, அறையின் நான்கு மூலைகளிலும் கண்ணேறு கழிக்கும் நைனா ஜோகின் என்னும் பெண் தெய்வம் என்று, வம்சம் தழைக்க வேண்டும் என்ற பிரார்த்தனையே அங்கே கோடும் வர்ணமுமாக நிற்கும். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினால் அதுவே தூரிகை. விளக்குக் கரி கறுப்புக்கு, மஞ்சள் மஞ்சளுக்கு, அவரை இலைச் சாறு பச்சைக்கு. எழுதுகிறவள் பாட்டி, கற்றுக்கொள்கிறவள் பேத்தி; புரோகிதருக்கு அதில் வேலையில்லை. வேத அத்தியயனம் மறுக்கப்பட்ட ஸ்திரீகள் தங்களுக்கென்று ஏற்படுத்திக்கொண்ட உபாசனை அது என்றே நான் கருதுகிறேன்.

வெளி உலகுக்கு இது தெரிய வந்தது ஒரு விபத்தால்தான். 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய பூகம்பத்தில் வீடுகள் பிளந்து கிடந்தபோது, சேதத்தைப் பார்வையிடச் சென்ற வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி, இடிந்த சுவர்களின் உட்புறத்தில் இந்தச் சித்திரங்களைக் கண்டு பிரமித்தார். பிற்பாடு, 1949-இல், ‘மார்க்’ சஞ்சிகையில் அவற்றைப் பற்றி எழுதினார். ஆயினும் சித்திரம் சுவரைவிட்டு இறங்குவதற்குப் பூகம்பம் போதவில்லை, பஞ்சம் வர வேண்டியிருந்தது. 1966-67-இல் மழை பொய்த்துப் பீகார் பட்டினியில் வாடியபோது, கைவினைத் துறையை நடத்திவந்த புபுல் ஜயகர், பம்பாய்ச் சித்திரக்காரரான பாஸ்கர் குல்கர்ணியைக் காகிதக் கட்டுகளோடு மதுபனிக்கு அனுப்பி, சுவரில் எழுதுவதைக் காகிதத்தில் எழுதித் தந்தால் பணம் தருவதாகச் சொல்லச் செய்தார். பர்தாவுக்குள் இருந்த பெண்கள் முதலில் தயங்கினார்கள். பின்னர் ஜித்வார்பூர் கிராமமும் ராண்டியும் எழுதத் தொடங்கின. அப்படி எழுதியவர்களில் ஒருவரான ஜகதம்பா தேவிக்கு 1975-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விரதமாக இருந்தது வியாபாரமாகிவிட்டதே, தெய்வ சாந்நித்தியம் போய்விட்டதே என்று அங்கலாய்க்கும் ரசிகர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய துக்கத்தை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் எந்தக் கைகள் தூரிகை பிடிக்க இடமிருந்தது, எந்தக் கைகளுக்கு இடமில்லை என்பதை அவர்கள் ஒரு தரமாவது விசாரித்திருந்தால், காகிதத்தின் மேல் இத்தனை கோபம் கொள்ளமாட்டார்கள். சுவருக்குச் சொந்தக்காரர் உண்டு, அவருக்கு ஜாதியும் உண்டு. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதே ஜித்வார்பூரில் துஸாத் என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களும் வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கோஹ்பர் இல்லை. ஆனால் உடம்பு நிறையப் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது, ராஜா சல்ஹேஸ் என்ற தங்கள் குலவீரனைத் தெய்வமாகக் கொண்டாடும் கதைகள் இருந்தன. எழுபதுகளில் அங்கே வந்த எரிகா மோசர் என்ற ஜெர்மன் மானிடவியல் அறிஞர், மேல்ஜாதியாரைப் பார்த்து எழுத வேண்டாம், உங்களுடையதை எழுதுங்கள் என்று ஊக்கமளித்தார். சானோ தேவி என்ற துஸாத் பெண்மணி, தோலில் குத்தும் பச்சையின் உருவங்களையே, மூங்கில் குச்சியைக் கரியில் தோய்த்து, வரிசை வரிசையாகவும் வட்டத்துக்குள் வட்டமாகவும் காகிதத்தில் இறக்கினார். ‘கோத்னா’ என்று ஒரு பாணியே அதிலிருந்து பிறந்தது. காகிதத்துக்குச் சாணக் கரைசல் பூசி, அது காய்ந்து இளம் பழுப்பாக மாறிய பிறகு அதன் மேல் எழுதும் முறையும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் கொண்டுவந்ததுதான். தீண்டத்தகாதது என்று பிறர் ஒதுக்கிய உடம்பின் அலங்காரமே கலையாகி, அந்தப் பாணியில் எழுதும் சாந்தி தேவிக்கும் அவருடைய கணவர் சிவன் பாஸ்வானுக்கும் 2024-இல் பத்மஸ்ரீயைக் கொண்டுவந்தது. கொடுத்ததில் சந்தோஷமே, ஜகதம்பா தேவியிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய அரை நூற்றாண்டுத் தாமதம் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

காயஸ்தப் பெண்களின் வாழ்வு சுகமாக இருந்தது என்றும் யாரும் எண்ணிவிட வேண்டாம். குழந்தைப் பேறில்லை என்று கணவர் இன்னொருத்தியை மணந்துகொண்டபின் வறுமையில் தவித்த கங்கா தேவிதான், வீட்டில் கற்ற அந்த மெல்லிய கோட்டை வைத்துக்கொண்டு தாம் கண்ட அமெரிக்காவின் ரோலர் கோஸ்டரையும், தமக்கு வந்த புற்றுநோயையும், ஆஸ்பத்திரிக் கட்டிலையும் எழுதினார். டில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் அவர் எழுதிய கோஹ்பர், பிற்காலத்தில் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அழிந்துபோயிற்று. கிராமத்துச் சுவரும் அழிக்கப்படுவதுதான். ஆனால் அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி எழுதுவார்கள், அருங்காட்சியகத்தில் எழுதக் கங்கா தேவி இல்லை.

துலாரி தேவியிடம் திரும்புகிறேன். இளம் வயதில் மணமாகி, கைக்குழந்தையைப் பறிகொடுத்து, பிறந்த வீட்டுக்கே திரும்பிய அவர் வேலைக்குப் போன வீடு, புகழ்பெற்ற சித்திரக்காரர் மகாசுந்தரி தேவியின் வீடாக அமைந்தது. தரையைத் துடைத்தபடியே அங்கே எழுதுவதைக் கவனித்தவர், வேலை முடிந்து வந்து தம் வீட்டு மண்முற்றத்தில் குச்சியால் கோடிழுத்துப் பார்த்தார். ஆர்வத்தைக் கண்ட மகாசுந்தரி தேவி அவரைப் பயிற்சியில் சேர்த்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. துலாரி தேவி எழுத ஆரம்பித்தபோது மீன் பிடிப்பவர்களும் சந்தையும் குளக்கரையும் காகிதத்துக்கு வந்தன. அவருடைய வாழ்க்கையை அவரே தீட்டிய சித்திரங்களோடு புத்தகமாக வெளியிட்டது நம் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம்தான்.

2007-இல் மதுபனிச் சித்திரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மையே. ஆனால் கடைத்தெருவில் அச்சடித்த போலித் துணிகளும் அதே பெயரில் விற்பனையாகின்றன. அசல் சித்திரங்களிலும் எழுதியவளுக்குச் சொற்பத்தைக் கொடுத்துவிட்டு லாபத்தில் பெரும்பங்கை இடைத்தரகர் கொண்டுபோகும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. ஆகவே, கண்காட்சியிலோ கடையிலோ இந்தச் சித்திரத்தைக் கண்டு ஆசைப்பட்டு வாங்குகிற வாசகர்கள், விலையைப் பேரம் பேசுவதற்கு முன்னால், எழுதியவர் யார், எந்த ஊர், இதில் அவருக்கு எவ்வளவு போகிறது என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.