காலைக் குளிரில் நின்றுபோகும் பழைய வண்டி



கடல் கடந்த ஓர் ஊரில் ஒரு பழைய பிக்கப் வண்டி ஒழுங்காக ஓடுவதால்தான் நம்மவர் வீடுகள் சிலவற்றில் அடுப்பு எரிகிறது. என் மச்சான் ஒருவர் சவூதி அரேபியாவின் வடமேற்கில் உள்ள தபூக்கில் காய்கறி ஏற்றி வாழ்பவர். அவரிடம் இருப்பது 1980களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ். 22ஆர் என்னும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 2,366 சி.சி.; கார்புரேட்டர் உள்ளது.

அரபு நாடு என்றதும் நமக்கு அனலே நினைவுக்கு வரும். தபூக்கோ கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஊர். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதுண்டு. அருகிலுள்ள ஜபலுல் லவ்ஸ் மலையில் பனியும் பொழியும். அந்நாட்களில் சுப்ஹுத் தொழுகை முடித்து வந்து சாவியைத் திருகினால் வண்டி உயிர்பெறும், இரண்டு மூன்று விநாடி உறுமும், அணைந்துவிடும். ஐந்தாறு முறை இப்படி ஆன பிறகு பேட்டரியும் சோர்ந்துவிடும். சந்தைக்குப் பிந்திச் சென்றால் சரக்குக்கு விலையில்லை. ஒரு பட்டறையில் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். இரண்டு மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தைக் கொடுத்து மாற்றினார். மறுநாள் காலை வண்டி மீண்டும் நின்றது.

இத்தகைய வண்டி வைத்திருப்போருக்கும், அவர்களை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் உதவும் என்று கருதி இம்மாதம் இதனை எழுதுகிறேன்.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தே எரிகிறது. சூடேறிய எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது சரியான கலவை. குளிர்ந்த எஞ்சினிலோ பெட்ரோலில் ஒரு பகுதியே ஆவியாகிறது. மீதி உட்செல்லும் குழாயின் சுவரில் ஈரமாகப் படிந்துவிடுகிறது. எனவே தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொடுத்தால்தான் போதிய ஆவி கிடைக்கும். இதற்காகவே கார்புரேட்டரின் வாயில் 'சோக்' என்னும் தகடு இருக்கிறது. அது மூடினால் காற்று குறையும், பெட்ரோல் மிகும். சில வண்டிகளில் அதைக் கையால் இழுக்கும் குமிழ் உண்டு; சிலவற்றில் சுருள் கம்பி தானே மூடித் திறக்கும்.

தானியங்கிச் சோக் உள்ள வண்டியில் செய்ய வேண்டிய முதற்காரியத்தைப் பலர் அறியார். சாவியைத் திருகுமுன் ஆக்சிலேட்டரை ஒருமுறை முழுவதும் மிதித்து விட்டுவிட வேண்டும். அப்போதுதான் சோக் தகடு விடுபட்டு மூடும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவைக்கும் படிச்சக்கரமும் தன் இடத்தில் வந்து நிற்கும். புதுக் கார் ஓட்டிப் பழகியவர்கள் இதைச் செய்யாமல் வண்டியைக் குறை கூறுகிறார்கள்.

அதன் பிறகும் வண்டி நின்றால், எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது இது. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில் மட்டுமே இச்சோதனை பயன் தரும்.

முதலாவது: உயிர்பெற்றதும் கரும்புகை தள்ளி, பெட்ரோல் வாடையுடன் நின்றால் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் ஓடத் தொடங்கிய கணமே, மூடிய சோக் தகட்டைச் சில மில்லிமீட்டர் இழுத்துத் திறக்க ஒரு சிறு ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது. அது கிழிந்திருந்தால் தகடு மூடியே இருக்கும். எஞ்சின் மூச்சுத் திணறும். டயஃப்ரத்தின் தண்டை உள்ளே அழுத்திக்கொண்டு அதன் குழாய்த் துளையை விரலால் மூடுங்கள். கையை எடுத்தபின் தண்டு அப்படியே நின்றால் நல்லது. உடனே வெளியே வந்துவிட்டால் கிழிந்துவிட்டது. பிளக் நனைந்துபோயிருந்தால் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடியே ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். விட்டுவிட்டு மிதிக்க வேண்டாம்.

இரண்டாவது: புகையின்றி, கார்புரேட்டர் வழியே இருமுவது போன்ற ஒலியுடன் நின்றால் பெட்ரோல் போதவில்லை. எஞ்சினை நிறுத்திக் காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒருமுறை மிதித்தபின் சோக் தகடு ஏறக்குறைய முழுவதும் மூட வேண்டும். மூடவில்லையெனில் அதன் தண்டில் அழுக்கேறியிருக்கும், அல்லது சுருள் தளர்ந்திருக்கும். பெரும்பாலும் கார்புரேட்டர் கிளீனர் தெளித்துத் துடைத்தாலே போதும்.

சோக் சரியாக இருந்தும் இருமினால், எங்கோ 'ஏர்' எடுக்கிறது. கார்புரேட்டரைக் கடந்து, கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் நுழைகிறது. வெடித்த ரப்பர் குழாய், கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாய், தளர்ந்த போல்ட் ஆகியவையே வழக்கமான இடங்கள். எஞ்சின் ஓடும்போது 'உஸ்' என்று ஓசை வருகிறதா என்று கேளுங்கள். சோப்பு நீரைச் சந்தேகமான இடங்களில் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். ஓட்டம் மாறும் இடமே கசிவு. கிளீனரையோ பெட்ரோலையோ ஓடும் எஞ்சின் மேல் தெளித்துப் பார்ப்பது தீயை அழைப்பதாகும்.

என் மச்சானின் வண்டியில் இருந்த குறையும் இதுவே. உடன் வேலை பார்த்த முதியவர் ஒருவர் விளக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பார்த்தார். ஒரு சாண் நீள ரப்பர் குழாய் வளைவில் பிளந்திருந்தது. சூடேறியபின் எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது, குளிரில் பொறுக்கவில்லை. புதுக் குழாயின் விலை ஒரு வேளை உணவின் விலைகூட இல்லை.

மூன்றாவது: சோக்கில் ஓடி, ஓட்டம் தணிந்ததும் நின்றால், ஐட்லிங்கைச் சோதிக்க வேண்டும். சூடேறிய எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 700 முதல் 800 சுற்று ஓடும். குளிர்ந்த நிலையில் அதனினும் நன்கு கூடுதலாக ஓட வேண்டும். பல கார்புரேட்டர்களில் ஐட்லிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு ஒன்றுண்டு. சாவியை 'ஆன்' நிலையில் வைத்து அதன் ஒயரைப் பிரித்து மாட்டினால் 'டிக்' என்ற ஒலி வர வேண்டும். வராவிடில் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் ஒலிக்கவில்லையெனில் வால்வு செத்துவிட்டது.

நான்காவது: நின்ற இடத்தில் ஓடி, ஆக்சிலேட்டரை மிதித்ததும் அணைந்தால், கார்புரேட்டரின் பம்ப்பைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சோக்கைத் திறந்து, கம்பியை அசைத்தால் உள்ளே பெட்ரோல் கோடாகப் பாய வேண்டும். பாயாவிடில் பம்ப்பின் ரப்பர் காய்ந்துவிட்டது.

ஐந்தாவது: நன்றாக ஓடிச் சில நிமிடங்களில் கரும்புகையுடன் தடுமாறினால் சோக் திறக்கவில்லை. மின்சாரத்தால் சூடாகும் சோக் எனில், எஞ்சின் ஓடும்போது அதன் ஒயரில் 12 வோல்ட் அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். புகையின்றி அணைந்தால் பெட்ரோல் வரத்து தடைபடுகிறது, ஃபில்டரை மாற்றுங்கள். டொயோட்டாவின் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காட்டும் சிறு கண்ணாடி இருக்கும். அதையும் ஒருமுறை நோக்குங்கள்.

இவற்றோடு பிளக்கின் இடைவெளி (22ஆர் எஞ்சினுக்கு 0.8 மி.மீ.), பேட்டரி முனைகளின் தூய்மை, மாதக்கணக்கில் தேங்கிய பழைய பெட்ரோல் ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். எஞ்சின் சூடேறவே நெடுநேரமானால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கக்கூடும். மலிவானதை முதலில் பாருங்கள். கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். ஐட்லிங் திருகை ஏற்றிவைத்துக் குறையை மறைப்பது, காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றதே.

இறுதியாக, இவை எல்லாவற்றினும் முக்கியமான இரண்டு செய்திகள்.

ஒன்று, கார்புரேட்டரின் வாயில் கையால் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ஒருமுறை திருப்பி வெடித்தால் அந்தப் பெட்ரோலே முகத்தில் தீயாக வரும். அதே காரணத்தால், ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டரின் மேல் குனிந்து பார்க்கவும் வேண்டாம்.

மற்றொன்றை என் மச்சான் நெடுநாள் கழித்துத் தயக்கத்துடன் சொன்னார். வண்டி அணைந்துவிடாதிருக்க, ஒருநாள் கொட்டகையின் ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சினை ஓடவைத்திருக்கிறார். ஒட்டிய அறையில் இரண்டு இளைஞர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். எழுப்பச் சென்றபோது ஒருவருக்குத் தலை பிளக்கும் வலி. மற்றவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. கதவைத் திறந்து வெளியே இழுத்து வந்ததால் பிழைத்தனர். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குளிர்ந்த எஞ்சின் சோக்கில் ஓடும்போதுதான் அது மிகுதியாக வெளிவருகிறது. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார்.

ஆகவே குளிர் எவ்வளவு இருந்தாலும் வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் கணவரோ, மகனோ, சகோதரரோ அயல்நாட்டில் பழைய வண்டி வைத்திருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது பணம் வந்து சேர்ந்ததைச் சொல்வதோடு, "வண்டியை எங்கே வைத்து ஸ்டார்ட் செய்கிறீர்கள்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.