காட்டுப்பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம்

கிராமத்துப் பெண்ணுக்கு உடம்பு உறுதி, பட்டணத்துப் பெண்தான் நோஞ்சான் என்று நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். பொன்னேரிக்குக் கிழக்கே, காட்டுப்பள்ளிக் கடலோரத்தில் அந்த நம்பிக்கை நிற்காது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2010-இல், சென்னைக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்கான ஆலை. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். இவற்றுக்கு நடுவே வளரும் மீனவர் வீட்டுப் பெண்ணுக்குக் கிராமத்தின் திறந்தவெளி சுருங்கிவிட்டது. நகரத்தின் பூங்காவும் பயிற்சிக்கூடமும் வந்து சேரவில்லை.

பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசு சைக்கிள் தருகிறது. தினமும் ஓட்டினால் அதுவே நல்ல பயிற்சி. ஆனால் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் எந்தத் தாய் துணிந்து மகளை அனுப்புவாள்? அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

வீட்டு வேலை செய்கிறாளே, குடம் தூக்குகிறாளே, போதாதா என்பார்கள். போதாது. அதில் களைப்புதான் மிஞ்சும். மூச்சிரைக்க ஓடி விளையாடும்போது இதயத்துக்குக் கிடைக்கும் வலு கிடைக்காது. வளரும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேர் அதை எட்டவில்லை. நம் நாட்டிலோ 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தம் குறைந்த பிள்ளை எப்படி ஓடுவாள்? பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, அண்ணன் தம்பிக்குப் போக மிஞ்சிய மீன்தான் அவள் தட்டுக்கு வருகிறதா என்பதையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். மறுகுடியமர்த்தப்பட்டோர் வாழும் பகுதி அது. களமும் பயிற்சியாளரும் கிடைத்தால் எந்த ஊர்ப் பெண்ணும் ஜெயிப்பாள்.

2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இங்குள்ள நிறுவனங்கள் மைதானத்துக்கு மின்விளக்குகளும் பயிற்சியாளரும் தரட்டும். ஊராட்சி அதற்கு இடம் ஒதுக்கட்டும். பள்ளிகள் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்காமல் இருக்கட்டும். பள்ளி நேரத்தில் லாரிகளை மாவட்ட நிர்வாகம் நிறுத்தி வைக்கட்டும். 'பெரிய மனுஷியாகிவிட்டாள், வீட்டிலேயே இருக்கட்டும்' என்ற பேச்சை அப்பாக்கள் விடட்டும்.

அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். மகள்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.