பெயர் சொல்லத் தயங்கலாமா?

புற்றுநோய் என்னும் சொல்லை எங்கள் இல்லத்தில் எவரும் உச்சரித்ததில்லை. 'அந்த நோய்' என்பதே வழக்கு. மார்பில் தோன்றிய கட்டியை என் பெரியும்மா நாணத்தால் ஓராண்டுக் காலம் மறைத்தார். மருத்துவரை நாடியபோது காலம் கடந்திருந்தது.

துயரை மறைக்காது தொண்டாக்கியோரும் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அதன்பின் மருத்துவம் நெடுந்தொலைவு வளர்ந்துள்ளது. இரத்தப் புற்றுநோயுள் நாள்பட்ட வகை ஒன்றினால் வருந்துவோர் சில ஆண்டுகளே வாழ்வர் என்று கருதப்பட்ட காலம் உண்டு. 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் மாத்திரை அந்நிலையை மாற்றியது. அதன் ஒரு வடிவத்திற்குக் காப்புரிமை தர நம் உச்ச நீதிமன்றம் 2013-இல் மறுத்தமையால், குறைந்த விலைத் தயாரிப்புகளுக்கும் இந்நாட்டில் வழி நிலைத்தது. என் மாணவர் ஒருவர் அம்மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டே முதுகலைப் படிப்பை நிறைவு செய்தார். தம் நோயின் பெயரை வகுப்பில் அவரே சொன்னார்; எவரும் விலகவில்லை.

எத்துணை நல்மருந்து வரினும், வாய் திறவாதார்க்கு அது எட்டுமா? மாணவியரே, இதனை உங்கள் அன்னையரிடம் சொல்லுங்கள். பெரியோர்களே, நோய் குற்றமன்று. அதனை மறைக்கச் செய்யும் நம் மௌனமே குற்றம்.